பிரான்சிஸ் டே (மீனியலாளர்)

இக்கட்டுரை 19ஆம் நூற்றாண்டின் மீனியலாளரைப் பற்றியது. 1639இல் சென்னைக் கோட்டைக்கான இடத்தைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி முகவரான பிரான்சிஸ் டே வேறொருவர்.

பிரான்சிஸ் டே (மார்ச் 2, 1829 - ஜூலை 10, 1889) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் மீனியல் அறிஞரும் ஆவார். சென்னை மாகாணப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய இவர், இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் மீன்களை விரிவாக ஆராய்ந்து நூல்கள் எழுதினார். நீலகிரி மலை ஆறுகளில் டிரவுட் மீனை வளர்க்க முதன்முதலில் முயன்றவரும் இவரே. அம்முயற்சி வெற்றி பெறவில்லை. எனினும் உள்நாட்டு மீன்வளம் அழிந்து வருவதை அரசுக்கு எடுத்துக்காட்டிய இவரது அறிக்கைகள் இந்திய மீன்வளப் பாதுகாப்பின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன.

பிறப்பும் கல்வியும்

டே இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள மேர்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். சுரூஸ்பரி பள்ளியில் பயின்றபின் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். 1852இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போரில் பணிபுரிந்தார். பின்னர் தென்னிந்தியாவின் பல ஊர்களில் பணியாற்றிக் கொச்சிக்கு மாற்றப்பட்டார்.

கொச்சி வாழ்க்கை

கொச்சியில் இருந்தபோது அப்பகுதியின் வரலாற்றையும் இயற்கையையும் ஆராய்ந்து, 'பெருமாள்களின் நாடு' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை 1863இல் வெளியிட்டார். கடற்கரையிலும் காயல்களிலும் கிடைத்த மீன்களைச் சேகரித்து வரைந்து, மலபார் மீன்களைப் பற்றிய நூலை 1865இல் வெளியிட்டார். திருவிதாங்கூர் மலை ஆறுகளில் வாழும் ஓர் அழகிய சிறு மீனுக்கு, அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டியதும் இதே ஆண்டில்தான். 'மிஸ் கேரளா' என இன்று அழைக்கப்படும் இம்மீன், வண்ணமீன் வணிகத்திற்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டதால் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

நீலகிரியும் டிரவுட் மீனும்

டிரவுட் குளிர்ந்த, தெளிந்த, வேகமாக ஓடும் நீரில் வாழும் மீன். பூச்சிகளையும் அவற்றின் இளம் பருவங்களையும் விரும்பி உண்ணும். இங்கிலாந்தில் இதனைப் பிடிக்கப் புழுவுக்குப் பதிலாகச் செயற்கை ஈயைப் பயன்படுத்துவது நெடுங்கால வழக்கம். சிறிய தூண்டில் முள்ளின் தண்டில் பட்டுநூலைச் சுற்றி, கௌதாரி போன்ற பறவையின் மென்மையான இறகை ஓரிரு சுற்றுக் கட்டுவர். நீரோட்டத்தில் அவ்விறகு இழைகள் பூச்சியின் கால்களைப் போல அசையும். மழைக்குப்பின் வெள்ளம் வடியத் தொடங்கி, நீரின் கலங்கல் தெளிந்து வரும் வேளை இவ்வகைத் தூண்டிலுக்கு ஏற்றது. அப்போது அடித்து வரப்படும் இரையைத் தேடி மீன்கள் ஊக்கமாக உண்ணும்.

உதகமண்டலத்தைக் கோடைக்கால உறைவிடமாகக் கொண்ட ஆங்கிலேயர், நீலகிரியின் ஆறுகள் தம் நாட்டு ஆறுகளை ஒத்திருப்பதைக் கண்டனர். ஆனால் அவற்றில் டிரவுட் இல்லை. 1863இல் டே அம்மீனை அங்குக் கொண்டுவர முயன்றார். 1866இலும் முயற்சி நடந்தது. இரண்டும் பயன் தரவில்லை.

முட்டைகளை உயிருடன் கொண்டுவருவதே பெருந்தடையாக இருந்தது. 10 பாகை செல்சியசு நீரில் பழுப்பு டிரவுட் முட்டைகள் ஏறத்தாழ 40 நாட்களில் பொரித்துவிடும். வெப்பம் மிகுந்தால் அழிந்துவிடும். எனவே பனிக்கட்டியால் குளிரச்செய்து பொரிக்கும் காலத்தைத் தள்ளிப்போட்டால்தான் வெப்பமண்டலக் கடலைக் கடக்க இயலும். 1864இல் நார்போக் என்ற கப்பலில் பாசியும் பனிக்கட்டியும் இட்டு அனுப்பப்பட்ட முட்டைகள் தாசுமேனியாவில் பொரித்தன. சூயசு கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது.

டே மறைந்தபின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் இலங்கையிலிருந்து வானவில் டிரவுட்டைக் கொண்டுவந்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைக்கப்பட்டது. அதன்பிறகே நீலகிரியில் டிரவுட் நிலைபெற்றது. வெளிநாட்டு மீன்களை ஆறுகளில் விடுவது உள்நாட்டு இனங்களைப் பாதிக்கலாம் எனச் சூழலியலாளர் இன்று எச்சரிக்கின்றனர்.

மீன்வள ஆய்வு

ஆறுகளின் குறுக்கே கட்டப்பட்ட அணைகள் மீன்களின் வலசையைத் தடுப்பதாக, பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கவலை தெரிவித்திருந்தார். இதனை ஆராயும் பணி டேயிடம் ஒப்படைக்கப்பட்டது. உல்லம் போன்ற மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் மேலேறுபவை. அணை அவற்றின் வழியை அடைத்துவிடும். 1871இல் டே இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார்.

1873இல் வெளியான இவரது நன்னீர் மீன்வள அறிக்கை, சிறு கண்ணி வலைகளால் குஞ்சுகள் பெருமளவில் பிடிக்கப்படுவதையும், நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிக்கப்படுவதையும் எடுத்துரைத்தது. வலைக்கண்ணிக்குக் குறைந்த அளவு வரையறுத்தல், அணைகளில் மீன்வழி அமைத்தல் முதலிய பரிந்துரைகளையும் முன்வைத்தது. நஞ்சிட்டும் வெடிவைத்தும் மீன் பிடிப்பதைத் தடைசெய்த இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு எட்டாண்டுகள் முன்பே டே இறந்துவிட்டார்.

நூல்களும் சேகரிப்பும்

'இந்திய மீன்கள்' என்னும் இவரது பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதிகளாக வெளிவந்தது. இதற்கான படங்களை டே தாமே வரைந்தார். 1877இல் ஓய்வு பெற்று இங்கிலாந்தின் செல்டனாம் நகரில் குடியேறினார். பிரித்தானிய மீன்களைப் பற்றியும் நூல்கள் எழுதினார். டிரவுட், சால்மன் குடும்பத்தைப் பற்றிய நூல் 1887இல் வெளியானது. இதற்காக ஸ்காட்லாந்தின் ஹவீடவுன் மீன்பண்ணையில் கலப்பின ஆய்வுகளைக் கவனித்து வந்தார்.

பிரித்தானிய அருங்காட்சியகத்தின் மீனியலாளர் ஆல்பர்ட் குந்தருடன் இவருக்குக் கடும் கருத்து வேறுபாடு இருந்தது. 1883இல் தமது சேகரிப்பின் பெரும்பகுதியைச் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்திற்கு விற்றார். இதனால் இந்திய மீன்களின் மூல மாதிரிகள் பலவற்றை ஆராய இன்றும் சிட்னியை நாட வேண்டியுள்ளது.

இறுதிக்காலம்

1885இல் இவருக்குச் சி.ஐ.இ. பட்டம் வழங்கப்பட்டது. பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள் பற்றிய நூல்வரிசையில் மீன்களுக்கான இரு தொகுதிகளும் 1889இல் வெளிவந்தன. அதே ஆண்டு ஜூலை 10 அன்று புற்றுநோயால் செல்டனாமில் காலமானார். மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியின் சிறு மீன் ஒன்று இவர் நினைவாகச் 'சூடோஸ்பிரோமீனஸ் டேயி' எனப் பெயரிடப்பட்டுள்ளது.