கப்பலுக்குக் கைகொடுத்த பாலவநத்தம் ஜமீன்தார்

ஜமீன்தார் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? பல்லக்கு, பட்டுத் தலைப்பாகை, கலெக்டர் துரையைக் கண்டதும் வளையும் முதுகு! விக்டோரியா ராணியின் காலத்தில் பட்டம் வாங்கவே பணத்தைக் கொட்டிய பிரபுக்கள் பலர். அந்தக் காலத்தில் பிறந்து, அந்தக் கூட்டத்திலேயே வளர்ந்து, பணத்தை வேறு வழியில் செலவிட்ட ஒருவரைத் தூத்துக்குடித் தோழர்கள் மறக்கலாகாது. அவர்தான் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்.

1867 மார்ச் 21ல் பிறந்தவர். தந்தை பொன்னுசாமித் தேவர், இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் உடன்பிறந்தார். ஆறுமுக நாவலர் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றப் பொருள் தந்தவர். 1893ல் விவேகானந்தர் அமெரிக்கா செல்ல உதவிய பாஸ்கர சேதுபதி, நம் பாண்டித்துரையாருக்குத் தம்பி முறை. முத்துக்குளிப்பில் முன்பு சேதுபதிகளுக்கு உரிமைப் பங்கு உண்டு. வெள்ளையர் ஆட்சியிலோ முத்துக்குளிப்பு சர்க்கார் சொத்து. மன்னர் குடும்பத்துக்கு மிஞ்சியது என்ன? நிலமும் பட்டமும்தான். அதிகாரம் அடுத்தவன் கையில்!

தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார் பாண்டித்துரையார். தமிழும் ஆங்கிலமும் வீட்டிலேயே கற்றார். பின்னாளில் மதுரைக்குப் பேசப் போனவர், கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டுமென்று கேட்க, சங்கம் வளர்த்த அந்த ஊரில் அவை எளிதில் அகப்படவில்லையாம். சொல்லி வருந்தியதோடு நின்றாரா? இல்லை. 1901 செப்டம்பர் 14ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். நூல் நிலையம் வைத்தார். 'செந்தமிழ்' இதழ் வந்தது. தமிழுக்குத் தேர்வுகள் நடந்தன. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு பாடுபட்டுத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910ல் அச்சேறியதும் இந்தச் சங்கத்தின் வழியாகத்தான்.

மதுரையில் ஏட்டுக்குக் கொடுத்த கை, தூத்துக்குடியில் கப்பலுக்கும் நீண்டது. 1906 அக்டோபரில் சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000. கம்பெனியின் தலைவர் யார்? பாண்டித்துரையார்! ஒரு லட்ச ரூபாய் தந்தார் என்பார்கள். வெள்ளையன் தயவில் வாழும் ஜமீன்தார், வெள்ளையன் கப்பலுக்கு எதிராகப் பெயர் கொடுப்பது எளிய காரியமா?

1907ல் காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து நெருக்கியது. அதன் பின்னால் சர்க்கார் நின்றது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்; சிதம்பரனார் அவர்கள் பக்கம் நின்றார்; வெற்றியும் கிடைத்தது. மார்ச் 12ல் அவரைக் கைது செய்தார்கள். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை! 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 2ல் பாண்டித்துரையார் கண்மூடினார். சிதம்பரனார் விடுதலையாகி வெளியே வர இன்னும் ஓராண்டு இருந்தது.

ஒரே மனிதர் கைகொடுத்த காரியங்கள் இரண்டு. சங்கம் நிலைத்தது; கப்பல் நிற்கவில்லை. ஏன்? பணம் குறைந்ததாலா? நூலை அச்சிடப் பணமும் புலமையும் போதும். கடலில் கப்பல் விட, ஆட்சி நம் கையில் இருக்க வேண்டும். வள்ளலின் லட்சத்தையும் வக்கீலின் தியாகத்தையும் ஒரு சர்க்கார் உத்தரவு முடக்கிவிடும் என்பதை இந்தத் துறைமுகம் கண்ணாரக் கண்டது.

ஜமீன் பணம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. உழவன் வியர்வையில் விளைந்தது. அதில் ஒரு பங்கைத் தமிழுக்கும் தமிழன் கப்பலுக்கும் திருப்பித் தந்தாரே, அதற்காக அவரைப் போற்றுவோம். 2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே மூட்டை தூக்கும் தோழன், அந்தப் பெயரோடு பாலவநத்தத்தாரின் பெயரையும் தன் பிள்ளைக்குச் சொல்லித் தரட்டும்!