டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: ஊருக்கே ஒரு தாய்



மாக் மண்டினில் நடக்கும் நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், ஆளுக்கு ஒரு பெரியவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று அண்ணன் சொன்னார். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. உண்மையைச் சொல்லணும்னா, அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. பொறியியல் படிக்கிற எனக்கு இயந்திரம் தெரியும், சரித்திரம் அவ்வளவாகத் தெரியாது. பத்து நிமிடம் பேசத்தான் படிக்க உட்கார்ந்தேன். படித்து முடித்தபோது, இதை எல்லாருக்கும் எழுதியே ஆகணும் என்று தோன்றியது.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி குலத்தில் வந்தவர். சின்ன வயதிலேயே பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் அப்போது இருந்தது. அப்படிப் பொட்டுக் கட்டியவர்களைப் பணக்காரர்கள் எப்படி நடத்தினார்கள் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்தத் திருமணத்தால் அப்பாவைச் சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அம்மாவின் வேதனையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் வளர்ந்தார்.

வயதுக்கு வந்த பிறகு பள்ளிக்கு அனுப்பாத காலம் அது. அப்பா வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். மெட்ரிகுலேஷன் தேறியபின், ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஒரு பொண்ணு உள்ளே வந்தால் நம் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று பெற்றோர்கள் எதிர்த்தார்கள். புதுக்கோட்டை ராஜா தலையிட்டு இடம் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் தங்கப் பதக்கங்களோடு டாக்டராக வெளியே வந்தார். இந்தியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்களில் அவரும் ஒருவர்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டார். நூறு வருடத்துக்கு முன்னால! யோசிச்சுப் பாருங்க. இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் அவர் வீடு நால்வரோடு நின்றுவிடவில்லை. உறவுக்காரப் பிள்ளைகளும் அங்கே வளர்ந்தார்கள். நம் தாத்தா பாட்டிகள் ரசித்த நடிகர் ஜெமினி கணேசன் அவருக்கு மருமகன் முறை. அவரும் சிறு வயதில் அந்த நிழலில் இருந்தவர்தான்.

1926இல் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே ஒரு சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். அடுத்து மேலவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே போய் அவர் கையில் எடுத்தது, தன் அம்மாவின் வேதனையை. பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார்.

இந்து இளைஞர்களான நாம் இங்கே கொஞ்சம் நிற்கணும். எதிர்த்தவர்கள் பேசியது மதத்தின் பெயரால். இது நம் பண்பாடு, கை வைக்காதே என்றார்கள். படித்தவர்களும் பெரிய தலைவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு சிறுமியின் வாழ்க்கையைக் கெடுப்பது எப்படித் தர்மம் ஆகும் என்பதுதான் முத்துலட்சுமியின் கேள்வி. அந்தக் குலத்திலேயே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஊர் ஊராகப் போய் இதற்காகப் போராடினார். முழுச் சட்டம் நிறைவேற 1947 வரை ஆனது. கோயில்கள் இடிந்து போகவில்லை. தவறு மட்டும்தான் போனது. நம் சமயத்தில் ஒரு தவறைச் சுட்டிக் காட்டுபவர் சமயத்துக்கு எதிரி அல்ல என்று நான் புரிந்துகொண்டது இங்கேதான்.

1930இல் காந்தியடிகள் கைதானபோது அவர் பதவியை விட்டு விலகினார். அந்தச் சமயத்தில்தான், பொட்டுக் கட்டும் வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சில பெண்கள் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள எந்த விடுதியும் தயாராக இல்லை. தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படி உருவானதுதான் அடையாறு ஔவை இல்லம். சாதி பார்க்காமல் ஆதரவற்ற பெண் பிள்ளைகளைச் சேர்த்து, படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் செய்து வைத்தார்கள். ஒரு வீட்டுப் பெரியம்மா என்னென்ன செய்வாரோ, அத்தனையும்.

இன்னொரு காயமும் அவருக்கு இருந்தது. 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். தான் ஒரு டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. 1925இல் லண்டன் போனபோது அங்கே புற்றுநோய் மருத்துவத்தையும் கற்றுக்கொண்டார். ஆனால் இந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை எழுப்ப ஏறக்குறைய முப்பது வருடம் ஆனது. குணமாகாத நோய்க்கு எதற்குச் செலவு என்று நினைத்தவர்கள் அதிகம். அவர் விடவில்லை, நிதி திரட்டிக்கொண்டே இருந்தார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வெறும் 12 படுக்கைகளோடு திறந்தது. அப்போது அவருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பொறுப்பேற்றார். மறு வருடம் வந்து சேர்ந்த இளம் டாக்டர் சாந்தா, 2021இல் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டுப் போகவே இல்லை.

1956இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22ஆம் தேதி, 82 வயது நிறைவதற்கு எட்டு நாள் இருக்கும்போது காலமானார். இன்று தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் உதவித் திட்டம் அவர் பெயரில்தான் நடக்கிறது.

இதை எழுதும்போது என் பாட்டியின் ஞாபகம். தோட்டத்தில் பால் வெட்டி ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். மாக் மண்டினுக்கு வந்த பிறகும், அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சியோடு போய் நிற்பவர் அவர்தான். அவர் மார்பில் கட்டி இருந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. வலி தாங்க முடியாமல் சொன்னபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது. ஊரையே விசாரித்த பாட்டியை, உங்களுக்கு உடம்புக்கு என்ன பாட்டி என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை.

முத்துலட்சுமி அம்மையார் தன் தங்கைக்காக அழுதுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அந்தத் துக்கத்தை மற்றவர்களுக்கு மருந்தாக்கினார். நம்மால் மருத்துவமனை கட்ட முடியாது. ஆனால் இன்று இரவு அம்மாவிடமும் பாட்டியிடமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடியும். கட்டி, வலி, எதுவாக இருந்தாலும் மறைக்காதீங்க, நாளைக்கே கிளினிக் போகலாம், நானே மோட்டாரில் கூட்டிட்டுப் போறேன் என்று சொல்ல முடியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முதல் கேள்வியே இதுதான்: வீட்டில் கேட்டீங்களா?