புழுவின் பெயரில் வாழும் பேராசிரியர்

மீன்களின் மேனியில் ஒட்டி வாழும் தட்டைப்புழுப் பேரினம் ஒன்றுக்கு 1858இல் பெனிடீனியா எனப் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயருக்கு உரியவர் பெல்ஜிய நாட்டு விலங்கியல் மேதை பியர் ஜோசப் வான் பெனடன்.

1809இல் மெக்லன் நகரில் பிறந்த அவர், இளமையில் மருந்துக் கடையில் தொழில் பழகினார். 1836இல் லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1843இல் ஓஸ்டெண்டு கடற்கரையில் தம் சொந்தச் செலவில் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

உடலுக்குள் புழுக்கள் தாமே தோன்றுகின்றன என்று அறிஞர் பலரும் நம்பிய காலம் அது. வான் பெனடனோ மீன்களை ஒவ்வொன்றாக அறுத்து ஆராய்ந்தார். சிறு மீன்களில் இளம்பருவத்தில் இருக்கும் நாடாப்புழுவே, அவற்றைத் தின்னும் சுறா, திருக்கைகளின் குடலில் முதிர்கிறது எனக் கண்டார். வெவ்வேறு இனங்கள் என எண்ணப்பட்டவை ஒரே புழுவின் இரு பருவங்களாயின! புழுவை இனங்காண அதன் வாழ்வு முழுவதையும் அறிய வேண்டும் என்பது விளங்கிற்று.

1894இல் அவர் மறைந்தார். ஜப்பானில் 1934இல் விவரிக்கப்பட்ட மற்றொரு தட்டைப்புழு, பின்னர் பெனிடீனியாவில் சேர்க்கப்பட்டது. பண்ணையில் வளரும் மஞ்சள்வால் மீனின் தோலை அது தின்கிறது. மீனை நன்னீரில் சிறிது நேரம் அமிழ்த்தினால் புழு உதிரும். ஆனால் வலையில் சிக்கிய முட்டைகள் பொரித்து மீண்டும் பற்றும். முட்டை முதல் முதிர்நிலை வரை அறிந்தவரே பண்ணையைக் காக்க வல்லவர். வான் பெனடன் காட்டிய வழியே இன்றும் வழி.