எழுத்தையே ஓவியமாக்கிய அல்ஃபிரட் ரொலர்

நாதஸ்வரமும் தவிலும் செழித்து வளர்ந்த அளவெட்டி மண்ணில் ஆலயத் திருவிழாவுக்கு முன்னர் ஊருக்குள் வருவது சுவரொட்டியும் துண்டுப்பிரசுரமுமே. என்.கே.பத்மநாதனின் பெயரைத் தாங்கிய அறிவித்தலில் அந்தப் பெயரே முதலிற் கண்ணில் பட்டது. இசை ஒலிப்பதற்கு முன்னரே அதன் வரவை எழுத்து கட்டியம் கூறிவிடுகின்றது. எழுத்தின் இந்த வலிமையை உணர்ந்து செயற்பட்ட ஒருவரின் வாழ்வு இன்று நாம் அறிந்துகொள்ள வேண்டியதொன்றாகும்.

அல்ஃபிரட் ரொலர் 1864 இல், இன்று செக் நாட்டிலுள்ள புருனோ நகரிற் பிறந்தவர். வியன்னாவில் ஓவியம் பயின்ற அவர், பழமைவாதக் கலை அமைப்பிலிருந்து பிரிந்த குஸ்தாவ் கிளிம்ட் முதலானோருடன் இணைந்து 1897 இல் 'செசெஷன்' இயக்கத்தைத் தோற்றுவித்தார். அவ்வியக்கத்தின் கண்காட்சிகளுக்காக 1902 இலும் 1903 இலும் அவர் வரைந்த சுவரொட்டிகளில் எழுத்துகள் தடித்து, வளைந்து, ஒன்றையொன்று நெருக்கி, இடைவெளியே தெரியாவண்ணம் கட்டத்தை நிறைத்து நின்றன. படத்துக்குத் துணையாக இருந்த எழுத்து தானே படமாயிற்று. அரபு எழுத்தணியின் சதுரக் கூஃபி வடிவத்தைப் பள்ளிவாசற் சுவர்களிற் கண்டு பழகிய எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இக்கலை அந்நியமானதன்று.

1903 இல் இசைமேதை குஸ்தாவ் மாலரின் அழைப்பில் வியன்னா அரச இசைநாடக அரங்கின் காட்சியமைப்புப் பொறுப்பை ரொலர் ஏற்றார். 1909 இல் கலைத்தொழிற் கல்லூரியின் தலைவரானார். எனினும், அவரது இறுதிக்காலத்தில் ஒரு நிழல் படிந்தது. இளமையில் அவரைச் சந்திப்பதற்கு அறிமுகக் கடிதம் பெற்றும் துணிவின்றித் திரும்பிய ஹிட்லர், ஆட்சிபீடம் ஏறியபின் 1934 இல் பைரொயித் விழாவுக்கான காட்சியமைப்பை அவரைக் கொண்டு செய்வித்தார். யூதராகப் பிறந்த மாலரின் தோழர், யூதக் கலைஞர்களை விரட்டிய ஆட்சியாளரின் விருப்பத்துக்குப் பணிபுரிந்தமை வேதனைக்குரியது. கலைஞரின் திறமையைப் போற்றும்போது இதனை மறைத்துவிடுவது நேர்மையாகாது. அடுத்த ஆண்டில் ரொலர் காலமானார்.

ஆனால், அவரது எழுத்து மறையவில்லை. 1965 இல் அமெரிக்காவின் பேர்க்லி நகரில் பழைய ஜேர்மன்மொழிச் சுவரொட்டிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அக்கண்காட்சியின் கையேட்டைக் கண்ட வெஸ் வில்சன் என்ற இளைஞர், ரொலரின் வடிவத்தை மேலும் உருக்கி வளைத்து, 1966 இல் சான்பிரான்சிஸ்கோ இசை நிகழ்ச்சிகளுக்கான சுவரொட்டிகளை வரைந்தார். பச்சைப் பின்னணியிற் சிவந்த சுவாலையாக எரியும் எழுத்துகள் ஒரு தலைமுறையின் அடையாளமாகின. இன்று கணினியிற் கிடைக்கும் அத்தகைய எழுத்துருக்கள் பலவற்றுக்கும் மூலம் அதுவே.

இவ்வெழுத்து தலைப்புக்கு உரியது. ஓரிரு சொற்களைப் பெரிதாக எழுதும்போதே அது சிறக்கும். நீண்ட வாசகத்துக்குப் பொருந்தாது. தமிழில் இன்னுமொரு எச்சரிக்கை தேவை. அளவுக்கு மீறித் தடித்தால் ணகரத்தின் சுழிகள் அடைபட்டு னகரத்துடன் மயங்கும். புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். கலைஞரின் பெயரை வாசிக்க முடியாத அறிவித்தல் அவரைக் கௌரவிப்பதாகாது.

இவ்வாழ்வு உணர்த்தும் பாடம் மற்றொன்றும் உண்டு. யாரோ சிலர் பாதுகாத்து வைத்தமையாலேயே ரொலரின் சுவரொட்டிகள் அறுபது ஆண்டுகளின் பின்னர் இன்னொருவரின் கையை இயக்கின. எமது மண்ணிலோ போரும் இடப்பெயர்வும் எஞ்சவிட்டவற்றைக் கறையான் அரிக்கின்றது. பெயர் தெரியாத எமது எழுத்துக் கலைஞர்களின் கைவண்ணம் பழைய பெட்டிகளுக்குள் இன்னமும் கிடக்கக்கூடும். அவற்றை எரிப்பதற்கு முன்னர் ஒருகணம் சிந்திப்போமாக.