தூக்குத் தண்டனையிலும் சமத்துவம் கேட்டவர்... இந்தியாவின் முதல் பெண் நீதிபதி அன்னா சாண்டி!

கல்யாணம் ஆன பொண்ணு வேலைக்குப் போகலாமா? விருத்தாசலத்துல செராமிக் யூனிட்டுக்குக் கிளம்புற ஒரு அக்காகிட்ட இதைக் கேட்டா, டிபன் பாக்ஸை மூடிக்கிட்டே சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. ஆனா, 1928-ல் திருவனந்தபுரத்தில் இது மேடை போட்டுப் பேசின சீரியஸான விவாதம்.

திருமணமான பெண்களுக்கு அரசு வேலை தரக் கூடாது என்று அங்கே வாதாடியவர் டி.கே.வேலுப்பிள்ளை. குடும்பக் கடமை கெடும், ஆண்களின் கௌரவம் பாதிக்கும், ஒரே வீட்டில் பணம் குவியும் என்பவை அவர் அடுக்கிய காரணங்கள். அதே மேடையில் ஒவ்வொன்றையும் எடுத்து, கோர்ட்டில் வாதாடுவதுபோல உடைத்துப் போட்டார் ஓர் இளம்பெண். வயசு அப்போ இருபத்துமூணுதான். அவர்தான் அன்னா சாண்டி.

1905-ல் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1926-ல் முதுகலை முடித்தார். அடுத்து சட்டம் படித்து, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். 1929-ல் வக்கீல் தொழிலில் இறங்கி கிரிமினல் வழக்குகளில் பெயர் வாங்கினார். கூடவே, 'ஸ்ரீமதி' என்ற பெண்கள் பத்திரிகையைத் தொடங்கி, அதன் ஆசிரியராகவும் இருந்தார்.

1931-ல் சமஸ்தானத்தின் ஸ்ரீமூலம் மக்கள் சபைத் தேர்தலில் குதித்தார். ஒரு பொண்ணு ஓட்டு கேட்டு வர்றதா என்று எதிர்த்து நின்றவர்களும் பத்திரிகைகளும் சேர்ந்து வறுத்தெடுத்தார்கள். அவர் அசரவில்லை. 1932-லிருந்து 1934 வரை சபை உறுப்பினராக இருந்தார்.

அவரை மற்றவர்களிடமிருந்து தனியாகக் காட்டுவது 1935-ல் அவர் எடுத்த நிலைப்பாடு. திருவிதாங்கூரில் அப்போது பெண்களுக்குத் தூக்குத் தண்டனை கிடையாது. பெண்களுக்குச் சாதகமான சட்டம்தானே, எதற்கு வம்பு என்று விட்டிருக்கலாம். அன்னா அதை எதிர்த்தே எழுதினார். உரிமையில் சமம் கேட்டுவிட்டு, தண்டனையில் மட்டும் சலுகை வாங்கிக்கொள்வது அவருக்கு ஒப்பவில்லை. கணவனுக்கு ஓர் உரிமை, மனைவிக்கு வேறு உரிமை என்ற திருமணச் சட்டத்தையும் அதே தராசில் வைத்துத்தான் கேள்வி கேட்டார். பெண்ணின் உடல் அவளுக்கே சொந்தம் என்று சொல்லி, கருத்தடை ஆலோசனை மையங்கள் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே குரல் கொடுத்தார்.

1937-ல் திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர் அவரை முன்சீப் ஆக நியமித்தார். சொத்துத் தகராறு, கடன் பாக்கி மாதிரியான சிவில் வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதி பதவி அது. விருத்தாசலம் முன்சீப் கோர்ட்டில் இன்றைக்கு நடப்பதும் அதே மாதிரி வழக்குகள்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் இந்தியாவின் முதல் பெண் நீதிபதி ஆனார்.

1948-ல் மாவட்ட நீதிபதி. 1959 பிப்ரவரி 9-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. நாட்டிலேயே அந்த உயரத்தைத் தொட்ட முதல் பெண். இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதி வந்தது 1965-ல். நம்ம சென்னை உயர் நீதிமன்றம் 1986 வரை காத்திருந்தது. பத்மினி ஜேசுதுரைதான் இங்கே முதல் பெண் நீதிபதி.

1967-ல் ஓய்வு பெற்ற பிறகு சட்ட ஆணையத்தில் பணியாற்றினார். 1973-ல் சுயசரிதை எழுதினார். 1996-ல் காலமானார்.

அதற்குள் அவர் போட்ட பாதையில் இன்னொருவர் நடந்து முடித்திருந்தார். பத்தனம்திட்டாவைச் சேர்ந்த ஓர் அப்பா, அன்னா சாண்டியைப் பார்த்துத் தன் மகளையும் சட்டம் படிக்க வைத்தார். 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார் அந்த மகள். பிறகு தமிழ்நாட்டின் கவர்னராகவும் வந்த ஃபாத்திமா பீவிதான் அவர்.

அன்னாவுக்கு அந்த முதல் நாற்காலி கிடைக்க ஒரு திவானின் கையெழுத்து தேவைப்பட்டது. இன்றைக்கு அதே படியில் ஏற, டி.என்.பி.எஸ்.சி நடத்தும் சிவில் நீதிபதி தேர்வு இருக்கு. சட்டம் படித்த பொண்ணும் பையனும் எழுதுவது ஒரே கேள்வித்தாள். அன்னா கேட்டதும் அதுதான்.