செராம்பூர்ப் பெரியார் வில்லியம் கேரி

ஹௌராவில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்திற்குள் செராம்பூரை அடைந்துவிடலாம். ஹூக்ளி நதிக்கரையிலுள்ள அவ்வூரில் கல்லறை கொண்டிருக்கும் வில்லியம் கேரி என்னும் பெரியாரின் சரிதம், துன்பக் காலத்தில் தேவசித்தத்தை நம்பி நிற்பது எத்தகையது என்பதை நமக்கு உணர்த்துவதாகும்.

1761-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்த கேரி, செருப்புத் தைக்கும் தொழில் செய்துகொண்டே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளைக் கற்றார். கிறிஸ்துவின் நற்செய்தியை அறிவிக்க விரும்பி, 1793-இல் மனைவி மக்களுடன் வங்காளம் வந்து சேர்ந்தார். மனைவியார் டாரதி அம்மையார் முதலில் வர மறுத்துப் பின்னரே இசைந்தவர்.

மறு ஆண்டே சோதனை தொடங்கிற்று. வட வங்காளத்து முத்னாபாட்டியில் அவுரி ஆலையொன்றை மேற்பார்த்து வந்த காலத்தில், ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியால் மாண்டான். குழி தோண்டவும் எளிதில் ஆள் கிடைக்கவில்லை. அம்மையாரின் சித்தம் கலங்கியது. 1807-இல் மறையும் வரை அது தெளியவேயில்லை. அடுத்த அறையில் அவரது ஓலம் எழ, கேரி வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். ஏழாண்டுகள் உழைத்த பின்னர், 1800 டிசம்பரில்தான் கிருஷ்ண பால் என்னும் தச்சர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றார். 1801-இல் வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது.

1812 மார்ச்சு 11-ஆம் நாள் மாலை, செராம்பூர் அச்சுக்கூடம் தீப்பற்றியது. பல மொழி எழுத்துக்கள், காகிதக் குவியல்கள், கேரி அரும்பாடுபட்டுத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதி யாவும் சாம்பலாயின. கல்கத்தாவிலிருந்த கேரி, மறுநாள் செய்தியறிந்து திரும்பி அக்காட்சியைக் கண்டு கண்ணீர் வடித்தார், ஆயினும் முறையிட்டாரில்லை. சாம்பலிடையே எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் சிதையாது கிடைத்தன. உருகிய ஈயத்தையே மீண்டும் வார்த்து, சில வாரங்களில் அச்சுப்பணி தொடங்கிற்று. இச்செய்தி பரவவே, அதுவரை அவரை அறியாதோரும் இங்கிலாந்தில் பொருள் திரட்டி அனுப்பினர்.

நெருப்பினால் விளைந்த நன்மையை அவர் தம் கண்ணாலேயே கண்டார். ஆனால் பீட்டரின் மரணத்திற்கும், டாரதி அம்மையாரின் பெருந்துயருக்கும் அத்தகைய விடை எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. விடை கிடைத்த துன்பத்தில் இறைவனை நம்புதல் எளிது. கிடைக்காத துன்பத்திலும் நம்பி, அன்றைய கடமையை அன்றே செய்தமைதான் கேரியின் பெருமை.

1834 ஜூன் 9-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். 1818-இல் தம் தோழர்களோடு அவர் நிறுவிய கல்லூரி இன்றும் செராம்பூரில் நிலவுகிறது. சங்க அன்பர்கள் ஒருமுறையேனும் சென்று காண்பார்களாக.