கடல் கடந்த கறுப்பு முத்து

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை)



பிறந்த ஊரை விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும்? பிழைப்புக்காகப் போகிறவர்கள் உண்டு. படிப்புக்காகப் போகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் பிறந்த ஒரு கறுப்பினப் பெண்ணும் பிழைப்புக்காகத்தான் கப்பல் ஏறினார். போன இடத்தில் அவரை மனுஷியாக மதிச்சாங்க. அதனால் அந்த நாட்டுக் குடிமகளாகவே ஆகிவிட்டார். அதற்கு அவர் கொடுத்த விலை என்ன தெரியுமா? பிறந்த நாட்டின் குடியுரிமை!

அவர்தான் ஜோசபின் பேக்கர். ஆட்டக்காரி, பாடகி, உளவாளி, பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தாய்!

வேலைக்காரச் சிறுமி

1906 ஜூன் 3-ஆம் தேதி, மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோசபின் பிறந்தார். அம்மா துணி துவைத்துப் பிழைத்தவர். வீட்டில் எந்நேரமும் பசி. விளையாட வேண்டிய எட்டு வயசில் வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் கழுவப் போனாள் அந்தச் சிறுமி.

1917-இல் மிசிசிப்பி ஆற்றின் அக்கரையில் உள்ள கிழக்கு செயின்ட் லூயிஸில் கலவரம் வெடித்தது. கறுப்பர்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். அரசாங்கக் கணக்குப்படியே 39 கறுப்பர்கள் செத்தார்கள். பிழைத்தவர்கள் ஆற்றைத் தாண்டி ஓடி வந்தார்கள். அப்போது ஜோசபினுக்கு வயசு 11. அந்தப் பயம் அவர் நெஞ்சை விட்டுக் கடைசி வரை போகவில்லை.

13 வயசில் ஒரு கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. 15 வயசில் இன்னொன்று, அதுவும் நிலைக்கவில்லை. அந்த இரண்டாவது கணவர் வழியாக வந்த பேக்கர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கையில் இருந்த ஒரே சொத்து ஆட்டம். நாடகக் குழுக்களோடு ஊர் ஊராக அலைந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஆட்டக்காரிகள் வரிசையில் கடைசி ஆளாக நின்று, கண்ணை உருட்டிக் கோணங்கிச் சேட்டை பண்ணியே ஜனங்களின் பார்வையைத் தன் பக்கம் திருப்பினார். கெட்டிக்காரி!

பாரிஸ் தந்த கைதட்டல்

1925-இல் பாரிஸுக்குப் போகும் ஒரு கலைக்குழுவில் இடம் கிடைத்தது. அக்டோபர் 2-ஆம் தேதி ஷான்ஸ் எலிசே நாடக அரங்கில் முதல் ஆட்டம். அந்த ஒரே ராத்திரியில் 19 வயசுப் பெண் நகரமெங்கும் பேச்சாகிவிட்டார். அடுத்த ஆண்டு வாழைப்பழங்களைக் கோத்த பாவாடை கட்டி ஆடியது உலகம் முழுக்கப் பரவியது. கறுப்பு முத்து என்று கொண்டாடினார்கள்.

ஆனால் கைதட்டலைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பாரிஸில் அவர் எந்த ஹோட்டலிலும் முன் வாசல் வழியாகப் போனார். விரும்பிய மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். சொந்த நாட்டில் கறுப்பருக்குத் தனி இருக்கை, தனி வாசல் என்று இருந்த காலம் அது!

பிரான்ஸ் ஒன்றும் சொர்க்கம் இல்லை நண்பர்களே. அதே பிரான்ஸ் அன்றைக்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளை அடிமைப்படுத்தி ஆண்டது. கைதட்டியவர்களில் பலர் அவரைக் காட்டுவாசிப் பெண் மாதிரிதான் வேடிக்கை பார்த்தார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் அந்தச் சிரிப்பையே ஏணியாக்கி மேலே ஏறினார். பிரெஞ்சு மொழியைக் கற்றார், பாடகியானார், சினிமாவில் நடித்தார்.

ஒரு நாடு வந்தது, ஒரு நாடு போச்சு

1936-இல் பெரிய நட்சத்திரமாக நியூயார்க் மேடைக்குத் திரும்பினார். ஆனால் அங்கே பத்திரிகைகள் அவரைக் கேவலமாக எழுதின. ஹோட்டல்களில் ரூம் தர மறுத்தார்கள். ஐரோப்பாவே கொண்டாடிய பெண்ணுக்குப் பிறந்த மண்ணில் படுக்க ஒரு இடமில்லை!

மனசு உடைந்து பிரான்ஸ் திரும்பினார். 1937 நவம்பர் 30-ஆம் தேதி ழான் லியோன் என்ற பிரெஞ்சு யூதரை மணந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடிமகளாக ஆகிவிட்டால் அமெரிக்கக் குடியுரிமை கிடையாது.  பிறந்த நாட்டின் மேலும் பாரிஸின் மேலும் ஒன்றாக அன்பு வைத்து 1930-லேயே பாட்டுப் பாடிப் புகழ் பெற்றவர் அவர். மனசுக்கு இரண்டு நாடு இருக்கலாம், பாஸ்போர்ட்டுக்கு ஒன்றுதான் என்றது சட்டம்.

பாட்டுத் தாளில் ரகசியம்

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1940-இல் ஹிட்லரின் படை பாரிஸைப் பிடித்தது. ஜோசபின் நினைத்திருந்தால் எங்கேயாவது ஓடித் தப்பியிருக்கலாம். அவரோ பிரெஞ்சு உளவுத்துறைக்கு வேலை செய்தார். கச்சேரி செய்யப் போகிறேன் என்று எல்லை தாண்டுவார். பெட்டியில் இருக்கும் இசைத் தாள்களில், கண்ணுக்குத் தெரியாத மையில் ராணுவ ரகசியங்கள் எழுதியிருக்கும்! பிடிபட்டால் உயிர் போகும். ஆனாலும் சிரித்துக்கொண்டே போய் வந்தார்.

பிறகு வட ஆப்பிரிக்கா போனார். காசாபிளாங்காவில் கடும் நோய்வாய்ப்பட்டு ஒரு வருஷத்துக்கும் மேலே ஆஸ்பத்திரியில் கிடந்தார். செத்துப்போனார் என்றே செய்தி பரவியது. எழுந்து வந்து சிப்பாய்களுக்கு முன்னால் பாடினார். சுதந்திர பிரான்ஸ் விமானப் படையின் பெண்கள் பிரிவில் அதிகாரியானார். போருக்குப் பின் பதக்கங்கள் அவரைத் தேடி வந்தன.

தாய்நாட்டில் விருந்தாளி

போனவர் பிறந்த நாட்டை மறந்தாரா? இல்லவே இல்லை. 1951-இல் அமெரிக்கா போனபோது ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் ஆடுவேன்! மயாமி நகரில் அதைச் சாதித்தும் காட்டினார். அதே ஆண்டு நியூயார்க்கில் ஒரு பெரிய கிளப்பில் தனக்குச் சாப்பாடு பரிமாறவில்லை என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அதோடு கம்யூனிஸ்ட் என்ற பட்டம் விழுந்தது. அவர் கையில் இருந்தது பிரெஞ்சு பாஸ்போர்ட். அதனால் பிறந்த நாட்டுக்குள் வர விசா கேட்டு நிற்க வேண்டிய நிலை. குடியுரிமை போனதன் வலி இங்கேதான் புரிகிறது.

1963 ஆகஸ்ட் 28. மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணி. சுமார் இரண்டரை லட்சம் பேர். அந்த மேடையில் 57 வயசு ஜோசபின் பிரெஞ்சுப் படையின் சீருடை அணிந்து, பதக்கங்களைக் குத்திக்கொண்டு நின்று பேசினார். ஒரு நாடு கொடுத்த மரியாதையை இன்னொரு நாட்டின் நியாயத்துக்காகப் பயன்படுத்தினார்!

நாலு ஊர் மண்

1954 முதல் ஜப்பான், பின்லாந்து, கொலம்பியா, ஐவரி கோஸ்ட் என்று பல தேசத்துக் குழந்தைகள் பன்னிரண்டு பேரைத் தத்தெடுத்து வளர்த்தார். எல்லா நிறத்தாரும் ஒரே வீட்டில் வாழ முடியும் என்று காட்ட ஆசைப்பட்டார். வரவுக்கு மீறிய செலவு. கடனில் மூழ்கி, மிலாந்த் கோட்டை வீடு ஏலம் போனது. 1969-இல் வெளியே தள்ளப்பட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மொனாக்கோ இளவரசி கிரேஸ் உதவிக்கரம் நீட்டினார்.

1975 ஏப்ரலில் பாரிஸ் மேடையில் மறுபடியும் ஏறினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சில நாளில், ஏப்ரல் 12-ஆம் தேதி கண் மூடினார். ராணுவ மரியாதை கிடைத்தது. மொனாக்கோவில் அடக்கம் செய்தார்கள்.

2021 நவம்பர் 30. அவர் பிரெஞ்சுக் குடிமகளான அதே தேதி! பாரிஸின் பாந்தியோன் நினைவு மண்டபத்தில் அவருக்கு இடம் தந்தார்கள். அந்தப் பெருமை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பெட்டிக்குள் வைத்தது உடலை அல்ல. செயின்ட் லூயிஸ், பாரிஸ், மிலாந்த், மொனாக்கோ ஆகிய நாலு ஊர் மண்ணை. சட்டம் ஒரு நாட்டுக்குத்தான் இடம் கொடுத்தது. சவப்பெட்டியில் பிறந்த ஊருக்கும் இடம் கிடைத்தது.

1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தானாக விட்டுக்கொடுக்காத ஒருவரின் குடியுரிமையை அரசு பறிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு இரண்டு நாட்டுக் குடியுரிமை வைத்திருக்க வழி பிறந்தது. 2019-இல் கானா நாடு, அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களின் வாரிசுகள் உள்பட 126 பேருக்குக் குடியுரிமை கொடுத்தது. ஜோசபின் குடியுரிமை இழந்த காலத்தில் இதெல்லாம் கனவு!

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். டிப்ளமோ முடித்து வேலை கிடைத்தால் எங்கெங்கோ போவோம். நல்ல மரியாதை கிடைக்கும் இடத்தில் தங்கவும் செய்வோம். அதில் தப்பே இல்லை. ஆனால் நம்மை வெளியே தள்ளிய அந்த அநியாயம் ஊரில் இன்னும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டாமா? கிடைத்த மரியாதையோடு திரும்பி வந்து, அங்கே இருப்பவர்களுக்காகப் பேசினார் ஜோசபின். நாமும் பேசுவோம்!